நிறுத்திப் பார்க்காதவன்

பின்கண் என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். தண்டவாளத்தைச் சோதிக்கும் டிராலியில் இரண்டு பேர் போவார்கள். ஒருவன் முன்னால் பார்த்தபடி பிரேக்கைப் பிடிப்பான். மற்றவன் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பின்னால் ரயில் வருகிறதா என்று பார்ப்பான். இவனுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கம்தான். பஸ்ஸில்கூட டிரைவருக்கு முதுகு காட்டும் சீட்டாகத் தேடி உட்காருவான்.

"பொண்ணு பார்க்கப் போனாக்கூட திரும்பி வரும்போதுதான் நீ மூஞ்சியப் பார்ப்ப மச்சான்" என்று கேலி செய்வான் பிரேக் பிடிக்கும் மாப்பிள்ளை. ஒரே தங்கையை இவன் அவனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தான்.

அந்த வேலையில் பாலபாடம் ஒன்றுதான்: நிறுத்திப் பாரு, அப்புறம் சொல்லு. பின்னால் இன்ஜின் தெரிந்தால் டிராலியை நிறுத்திவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இருவருமாக டிராலியைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கண் பொய் சொல்லும். இது பின்கண்ணுக்குத் தெரியாததா?

அன்றைக்கு இறக்கம். டிராலி தானாகவே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருண்டது. மாப்பிள்ளைக்கு மூன்று நாளாக இடுப்பு வலி. தூரத்தில் சரக்கு ரயிலின் இன்ஜின் தெரிந்தது.

"வருதா மச்சான்? நிறுத்தவா?"

"வேணாம், ஆடி அசைஞ்சுதான் வருது. பாலத்தத் தாண்டினா சமதரை. அங்க தூக்குறது லேசு."

பாசம்தான். பாசம் கண்ணை மறைத்துவிட்டது. ரயில் அறுபதில் வந்தது, டிராலி நாற்பதில் அதற்கு முன்னால் ஓடியது, அவன் கண்ணுக்கு மிச்சம் இருபதுதான் தெரிந்தது. பாலம் தாண்டி பிரேக் போட்டதும் அந்த இருபது அறுபதாகிவிட்டது. ரயில் வேகத்தைக் கூட்டவில்லை. இவர்கள் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

"நீ குதி மச்சான்" என்றான் மாப்பிள்ளை. இவன் குதித்தான். டிராலி தண்டவாளத்தில் கிடந்தால் ரயில் கவிழும். மாப்பிள்ளை அந்த இடுப்போடு ஒற்றை ஆளாக அதைப் புரட்டித் தள்ளினான். டிராலி தப்பியது, ரயிலும் தப்பியது. மாப்பிள்ளைதான் தப்பவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ரயில் நூறில் வந்தது என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. டிரைவர் அறுபது என்றார். இன்ஜினில் வேகம் பதியும் கருவியோ பல நாளாகக் கெட்டுக் கிடந்தது. பார்த்த சாட்சி பின்கண் ஒருவன்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் தங்கை அவன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டு வந்தான்னு சொல்லிடு அண்ணே. அவன் உள்ள போகணும். எனக்கு அது போதும்."

அவன் தலையாட்டினான்.

விசாரணை அறையில் டிரைவர் கைகட்டி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. தங்கை பின்பெஞ்சில் இருந்தாள்.

"ரயில் வேகமா வந்துச்சா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க. எனக்கு மெதுவாத்தான் தெரிஞ்சுது."

"மெதுவான்னா?"

"நாங்களும் அதே பக்கம் ஓடிட்டிருந்தோம்ங்க. அதனால அப்படித் தெரிஞ்சுது. நிறுத்தவான்னு மாப்பிள்ளை கேட்டான். நான்தான் வேணாம்னு சொன்னேன். தப்பு அவர் மேல இல்லீங்க."

டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பின்கண்ணுக்கு அழுகை வரவில்லை. திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது, வாழ்நாளிலேயே முதல்முறையாக.

வெளியே வந்தபோது தங்கை வாசலைத் தாண்டியிருந்தாள். "அம்மாடி" என்றான். அவள் திரும்பவில்லை. அவன் அசையாமல் நின்று பார்த்தான். இந்தத் தடவை கண் பொய் சொல்லவில்லை. அவள் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.