காருக்குப் பந்தல் போட்ட கதை

கூரையில்லாத காரை எந்தக் கூறுகெட்டவனாவது ஆடிச் சாரலில் வாங்குவானா? என் வீட்டுக்காரர் வாங்கினார். குமுளிப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட பங்களாவில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மடக்குகிற துணிக்கூரையை எலி எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ஆசைப்பட்டு வாங்கியது அவர், ஓட்டியது என்னவோ நான்தான். நாற்பத்திரண்டு வயதில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும், எனக்குத் தானாகச் சிரிப்பு வந்துவிடும். கம்பம் ரோட்டில் திராட்சை ஏற்றிப் போகிற வேன்காரர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

முதல் சாரலிலேயே நனைந்து அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"யானை வாங்கத் தெரிஞ்சவனுக்கு அங்குசம் வாங்கத் தெரியலையாக்கும்! குமுளியில ஜீப்பு வச்சிருக்கவரு இதக் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துருவோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். "பதினஞ்சு நாளு குடுங்க மாமா, நாங்களே கூரை போட்டுருவோம்" என்று வாயை விட்டுவிட்டேன்.

"சரி. மழையில என்னைய குமுளிக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு சொட்டு என் மேல விழுந்தாலும் சாவிய அங்கனயே குடுத்துட்டு பஸ்ஸுல வந்துரணும். சம்மதமா ஆத்தா?"

"சம்மதம் மாமா."

எங்களை மாதிரி திராட்சை போடுகிறவர்களுக்குக் கூரை என்றால் பந்தல்தான். என் வீட்டுக்காரர் நாலு மூலையிலும் இரும்புக் குழாய் நிறுத்தி, தோட்டத்துக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, மேலே லாரித் தார்ப்பாயை விரித்தார். தட்டையாக, அச்சு அசல் பந்தல். மழையில் கூடலூர் வரை போனோம். மேலே தண்ணீர் குளமாகத் தேங்கியது. குறுக்கே வந்த ஆட்டுக்காக நான் பிரேக் போட்டதும் மொத்தமும் முன்னால் சரிந்து அவர் மடியில் கொட்டியது.

"ஏங்க, கொடி படர விடுறதுக்கா கட்டுனீக?" என்று நான் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆஃப் ஆகிவிட்டது.

பிறகு குழாயை நடுவில் உயர்த்தி வளைத்தோம். தையல் மிஷினில் மூன்று ஊசி உடைந்ததும் கோணி ஊசியை எடுத்துக் கையாலேயே தைத்தேன். தையலின்மேல் சைக்கிள் பஞ்சர் பசை, அதன்மேல் ரப்பர்ப் பட்டை. பக்கவாட்டில் தடித்த பிளாஸ்டிக். கையால் முறுக்கிக் கழற்ற நாலு நட்டு. விரல் பூராவும் ஊசிக் குத்து. என் கல்யாணச் சேலைக்குக்கூட அவ்வளவு கவனம் கொடுத்ததில்லை.

சோதனை நாளில் மாமனார் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் வந்து ஏறினார். லோயர் கேம்ப் தாண்டி மலையேறத் தொடங்கியதும் மழை சடசடவென்று பிடித்தது. அவர் எட்டி எட்டித் தையலைத் தடவிப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. எனக்குள் ஒரே கும்மாளம். 'என்னாச்சு?' என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் நாலு தடவை கேட்டுவிட்டார்.

கடைசி வளைவில் மாமனாரின் முழங்கால்மேல் டொப்பென்று ஒரு சொட்டு விழுந்தது.

வண்டியை ஓரங்கட்டினேன். வாக்கு வாக்குதானே. சாவியை உருவி அவரிடம் நீட்டினேன்.

அவர் சாவியை வாங்கவில்லை. தலைக்கு மேல் தார்ப்பாயில் விரலால் ஒரு கோடு இழுத்தார். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக ஈரம்.

"மழைன்னா தையல் வழியா வரணும். தையல் காஞ்சு கெடக்கு. இது இட்டிலிச் சட்டி மூடி கணக்கா வேர்த்துருக்கு. காத்துப் போக எங்கனயாச்சும் ஓட்டை விட்டீகளா?"

"இல்ல மாமா."

"அப்ப இது நம்ம ரெண்டு பேரு மூச்சுதேன். இதுக்கு ஒன்னையக் குத்தம் சொன்னா அடுக்குமா? மொதல்ல இதக் கழட்டு ஆத்தா, அவிஞ்சு போயிருவேன் போலருக்கு."

"நனைஞ்சுருவீகளே!"

"நனைஞ்சுட்டுப் போறேன்."

நாலு நட்டையும் கழற்றி, கூரையைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கட்டினேன். குமுளிக்குள் நுழையும்போது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம். ஜீப்காரர் குடையோடு ஓடி வந்தார்.

"அய்யோ, ரொம்ப ஒழுகுதோ?"

மாமனார் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

"ஒழுகவே ஒழுகாது. இது என் மருமக வண்டி. விக்கிறதுக்கில்ல."