பால் வடிய வைக்காத காய்

தங்கையின் கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் முகத்தை நான்தான் பொசுக்கினேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே அசிங்கம்.

திருப்பதியில் அவள் வாங்கி வந்த, முகத்தில் தேய்க்கும் ஸ்க்ரப் ட்யூபைக் குப்பையில் போட்டதும் நான்தான். "இதுல இருக்கறது பிளாஸ்டிக் பொடிடி. கழுவிவுட்டா நம்ம கால்வாய்லதான் போய்ச் சேரும்" என்று பெரிய மேதாவிபோலப் பேசினேன். பங்காருபாளையம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. இயற்கைக்கு என்ன பஞ்சம்? பச்சைப்பயறைக் கொரகொரப்பாக அரைத்து, அப்போதுதான் பறித்த மாங்காயைத் தோலோடு துருவிக் கலந்து, அவள் இடது கன்னத்தில் தேய்த்தேன்.

"அக்கா, எரியுதுக்கா."

"அழுக்கு போவுதுடி, சும்மா இரு."

அவள் என் கையைத் தட்டிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் கன்னம் கொப்பளித்து, கண்ணுக்குக் கீழே வரை வீங்கிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோப்பிலிருந்து வந்த எங்கள் அப்பா, நைனா, அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மிக்ஸி பக்கத்தில் கிடந்த மாங்காய்க் காம்பைப் பார்த்தார்.

"பால் வடிய வெச்சியா?"

காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து, பால் வடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் அதைத் தொடுவோம். மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது நடை பழகும்போதே தெரிந்த விஷயம். அன்று என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

கண் தப்பித்தது, தழும்பு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் சித்தூர் டாக்டர். ஐயோ, அந்த வாரம்! மாப்பிள்ளை வீட்டார் திருப்பதி டவுன்காரர்கள். தோல் வியாதி என்று நினைத்துக் கல்யாணத்தை நிறுத்திவிட்டால்? போன் அடித்தாலே நான் தோப்புப் பக்கம் நழுவிவிடுவேன். நைனா உள்ளதை உள்ளபடி சொன்னார். "நலங்குக்கு வருவோமே, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். பார்த்து என்ன சொல்வார்களோ என்று நான் சோறுகூடத் துன்னவில்லை.

நலங்கன்று கன்னம் கறுத்து, செதில் செதிலாக உரிந்துகினு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கிட்டே வந்து, குனிந்து, விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிடும். ஆரம்பிங்க" என்றார் தெலுங்கில்.

அக்காதான் முதலில் பூச வேண்டுமாம். பயறு மாவில் கை வைத்தேன். பாதி மாவு அவள் மடியில் கொட்டியது. என்னால் முடியாது என்று எழுந்தேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்து, வலது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்குது. தேச்சுவுடுக்கா."