கெலிஓயா சாவடியில் கலர் டிவி

கெலிஓயாவைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் வேனை மறிக்கிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள இந்த வேன்தான் என் வீடு. இதிலிருந்த கறுப்பு வெள்ளை டிவியை எடுத்துக்கொண்டு, பேட்டரியில் ஓடும் சின்னக் கலர் டிவி பொருத்தித் தந்த, நான் நானா (அண்ணன்) என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர், கம்பளைக்குப் போக என்னோடு வருகிறார்.

புது வயர்களைக் கண்ட ஆமிக்காரர் ஒருவருக்குக் குண்டோ என்று சந்தேகம். என்னை இறங்கச் சொல்கிறார். போன மாதம் இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கு இரண்டு இரவு உள்ளே கிடந்தேன்.

நானா சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"டிவியப் போட்டுக் காட்டுங்க, தம்பி."

"பேட்டரி வீக், நானா. அப்புறம் வேன் ஸ்டார்ட் ஆகாது."

"வேன் நின்டா தள்ள ஏலும். ஒங்கள உள்ளுக்குப் போட்டா ஆரு தள்ளுற?"

போடுகிறேன். பச்சைப் புல்லில் கிரிக்கெட். சந்தேகப்பட்டவர் தோளில் தொங்கிய துவக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என் படுக்கையில் உட்கார்ந்துவிடுகிறார். வாசலில் இன்னும் நாலு தலைகள். நம் ஆள் ஒரு சிக்ஸர் அடிக்க, வேன் குலுங்குகிறது. அடுத்த பந்து வருவதற்குள் படம் சுருங்கி அணைந்துபோகிறது.

சாவியைத் திருப்புகிறேன். சத்தமே இல்லை.

ஆமிக்காரர்கள் ஐந்து பேரும் பின்னால் போய்த் தள்ளுகிறார்கள். என்ஜின் பிடித்ததும், சந்தேகப்பட்டவர் கூடவே ஓடிவந்து ஏதோ கத்துகிறார். நான் பயந்து நானாவைப் பார்க்கிறேன்.

"ஒன்டுமில்ல. திரும்பி வரக்குள்ள நல்ல பேட்டரியோட வரட்டாம்."