கதகதப்பான தரை

எங்கள் வீட்டுச் சமையலறையில் நெருப்பு கிடையாது. சோறு, குழம்பு, தோசை எல்லாம் கரண்டு அடுப்பில்தான். குளிக்க ஹீட்டர். சாமி படத்துக்கு முன்னால் எரிவதுகூட ஒரு சின்ன பல்புதான். என் கணவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஸ்டவ் வெடித்து அவருடைய அக்கா இறந்துபோனார். அவர் அப்போது பக்கத்து அறையில் இருந்திருக்கிறார். விருத்தாசலத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது, "என்ன வேணும்னாலும் கேளு, நெருப்பு மட்டும் வேணாம்" என்றார். நானும் சரி என்றேன். கரண்டு போனால் ஜங்ஷன் பக்கம் போய் இட்லி வாங்கி வருவார். அப்படியே பழகிவிட்டது.

மழை விட்ட பிறகு வந்த கரண்டு பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இருந்தது. கணக்கெடுத்ததில் ஏதோ தப்பு என்று விட்டுவிட்டோம். அடுத்த பில்லும் அப்படியே வந்தது. சென்னையிலிருந்து மகள் போனில், "ஏசியக் கொறைங்கம்மா" என்றாள். இந்தப் பனியில் யார் ஏசி போட்டார்கள்? எனக்குச் சலிப்பாக இருந்தது. அவரிடம் சொன்னேன்: "ஊர்ல எல்லாரும் கேஸ்லதான சமைக்கிறாங்க. ஒரு சிலிண்டர் வாங்கி வெச்சா என்னங்க?"

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து காலையில் டிபன் வேண்டாம், பழைய சோறு போதும் என்றார். குளியலறையில் ஹீட்டர் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தார். முட்டி வலிக்காரர். சில நாள் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"இப்படிக் குளிச்சா கால் என்னத்துக்கு ஆவும்? வாங்க, கரண்டு எங்க போவுதுன்னு பாத்துடுவோம்" என்றேன்.

அவர் வேலை பார்த்தது இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில். பீங்கான் பியூஸ் செய்கிற இடம். எங்கள் வீட்டு போர்டில் இன்னும் அந்த வெள்ளைப் பியூஸ்கள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டினார். நான் வாசலில் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரிட்ஜுக்கு மீட்டரின் சிவப்பு விளக்கு மெதுவாகச் சிமிட்டியது. ஹீட்டர் பியூஸை மாட்டியதும் விடாமல் சிமிட்ட ஆரம்பித்தது. தண்ணீர் சுட்டதும் தானாக அணைந்துவிடும் ஹீட்டர் அது. மத்தியானம் வரை அணையவில்லை.

"தண்ணி எதுவும் தொறந்திருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லியே, யாரும் தொடவே இல்ல."

சற்று யோசித்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார். "கூடத்துல நான் பேப்பர் படிக்கிற எடத்துல தரை கதகதன்னு இருக்குது."

"எப்பலேர்ந்து?"

"மழை விட்டதுலேர்ந்து. வெயிலு படுதுன்னு நெனச்சேன். முட்டிக்கு எதமா இருந்துது."

போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு எட்டாத மூலை அது, வெயில் வர வழியே இல்லை. ஆனாலும் தரை, சோறு வடித்து இறக்கிய பாத்திரத்தின் மூடிபோலச் சூடாக இருந்தது. ஹீட்டரிலிருந்து சமையலறைக்குப் போகிற இரும்புக் குழாய் அந்த இடத்தின் அடியில்தான் போகிறது. சமீபத்தில் மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகி, மோட்டாரை அடிக்கடி போட வேண்டியிருந்ததும் அப்போதுதான் புரிந்தது.

பிளம்பர் வந்து டைல்ஸைப் பெயர்த்தார். அடியில் மணல் சொதசொதவென்று இருந்தது, வெந்நீர் ஊற்றியதுபோல் ஆவி பறந்தது. குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. "நீங்க இத்தினி நாளா பூமிக்குத்தான் வெந்நி போட்டிருக்கீங்க" என்றார். புதுக் குழாயைச் சுவர் மேலேயே கொண்டுபோனார். அதே டைல்ஸ் கிடைக்காததால் வேறு நிறத்தில் ஒட்டினோம். அதன் பிறகு குளிக்கப் போகும் முன்புதான் ஹீட்டரைப் போடுகிறோம். பிரிட்ஜ் கதவின் தளர்ந்த ரப்பரையும் மாற்றினேன்.

மறுநாள் காலை அவர் பேப்பருடன் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் வைத்தார். உடனே மேலே தூக்கிக்கொண்டார். நான் நாற்காலியைப் பின்வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். அங்கே காலை வெயில் நன்றாக விழும்.

"இங்க ஒக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். கேஸ் பேச்சை நான் அதன் பிறகு எடுக்கவில்லை.

அடுத்த முறை கணக்கெடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். "ஊருக்குப் போயிருந்தீங்களாம்மா? வூடு பூட்டியிருந்துதா?" என்று கேட்டார்.

"இல்லிங்க, இங்கதான் இருந்தோம்" என்று பின்வாசலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்.