முனிலட்சுமி ஏறிய சரிவு

முனிலட்சுமிக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. அன்றிலிருந்து சமதரையில் இரண்டு ஊன்றுகோல் ஊன்றி நடப்பாள்; பள்ளிக்கூடப் படியானாலும் பஸ் படியானாலும் அண்ணன் சென்றாயன்தான் தூக்கிக்கொண்டு ஏறுவான். பர்கூர் கல்குவாரியில் வேலை பார்க்கிற ஆள். தங்கச்சி அவனுக்குப் பாரமே இல்லை. பாரமெல்லாம் இவளுக்குத்தான். வயசுக்கு வந்த பெண் ஊரே பார்க்க அண்ணன் தோளில் தொங்கிக்கொண்டு போவதென்றால் சும்மாவா?

தொண்ணூற்றாறில் ஊனமுற்றோர் சட்டம் அமலுக்கு வந்தது. அடுத்த வருஷமே அதிலுள்ள வேலை ஒதுக்கீட்டில் எங்கள் பர்கூர் அரசு அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை. நான் அங்கே கிளார்க். ஆர்டரைப் படிக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் சொன்னாள்: "இந்தப் படியில என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்னா எனக்கு இந்த வேலையே வேணாம் சார்."

 சரிவுப்பாதை கட்டவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதே! அதிகாரியிடம் ஓடினேன். நல்ல மனுஷர், உடனே சரியென்றார்.

அப்புறம்தான் வந்தது வினை. காண்டிராக்டர் நாராயணப்பன் கிரானைட் ஆள். பர்கூரில் மரியாதை என்றால் பாலிஷ்தான். "நம்மூருப் பொண்ணு ஏறப்போற எடம்" என்று முகம் தெரிகிற கறுப்புக் கல்லாகப் பார்த்துப் பதித்துவிட்டார். நாங்களும் தடவித் தடவிப் பார்த்து மெச்சினோம். மடையர்கள், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

வேலையில் சேரும் நாள். முனிலட்சுமி ஊன்றுகோலை வைத்தாள், சர்ரென்று வழுக்கியது. விழப்போனவளைச் சென்றாயன் தாங்கிப் பிடித்தான்.

"வா கண்ணு, இன்னைக்கு ஒருநாள் தூக்கிடறேன்."

"இன்னைக்குத் தூக்குனா தினம் தூக்கணும். விடுண்ணா. இந்தக் கல்லைக் கொத்து."

நாராயணப்பன் அலறினார். "பாலிஷ் போட்ட கல்லும்மா! அதைப் போயி யாராச்சும் கொத்துவாங்களா?"

"பாக்கறதுக்கா போட்டீங்க, நான் ஏறறதுக்கா?"

மனுஷர் கல்லை ஒருதரம் பார்த்தார், அவள் கோலை ஒருதரம் பார்த்தார். பிறகு அவரே தன் லாரியிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்துவந்து சென்றாயன் கையில் கொடுத்தார். பொறி பறக்க விழுந்தது கொத்து. அலுவலகமே வேலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றது. "அந்த ஓரத்தையும் விடாதப்பா!" என்று நானும் கத்தினேன்.

கல் சொரசொரவென்று ஆனதும் அவள் கோலை ஊன்றினாள். நின்றது! அடுத்த கோல். அதுவும் நின்றது. சென்றாயன் கையை நீட்டியபடி பின்னாலேயே போனான், தொடவில்லை. அவள் மேலே போய்ச் சேர்ந்ததும் நாங்கள் கைதட்டிய சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே தெரியவில்லை.

அதிகாரி ரிஜிஸ்டரை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா, நேரமாச்சு."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள், மூச்சு வாங்க, சிரித்தபடி. "கீழ எறங்கி இன்னொரு வாட்டி ஏறிட்டு வந்துடறேன்."