முழங்கால் உயரச் சுவர்

பிலோமினா அக்கா போய்விட்ட செய்தி எனக்குக் கைப்பேசியில்தான் வந்தது. வாசலில் கோலம் போட்டுவிட்டு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். நம் காலை நடைக் குழுவின் வாட்சப்பில் அக்காவின் படம், கீழே இரண்டு மெழுகுவர்த்தி, 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுத்து. அது எந்தப் படம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் அவர் மகள் எடுத்தது. ஒரு பழைய கல் பாலத்தின் நடுவில் அக்கா நிற்பார். பாலத்தின் பக்கச் சுவர் அவர் முழங்காலுக்குத்தான் வரும். அந்தச் சுவரைக் காட்டத்தான் அந்தப் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோனார். நீங்கள் போட்ட படத்தில் சுவரும் இல்லை, பாலமும் இல்லை. மார்புக்குக் கீழே வெட்டி எறிந்திருந்தீர்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அழுகை அன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில், அவர் வீட்டுக்காரர் சூசை அண்ணன் ஒரு பிடி மண்ணைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றபோது வந்தது.

இப்போது குழுவின் ஆண்டு மலருக்கு அக்காவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறீர்கள். "நல்ல விஷயமா எழுதுங்கம்மா" என்று தலைவர் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்திலும் பக்திப் புத்தகத்திலும் எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டவள். வீட்டு வரவு செலவை அன்றன்றைக்கு எழுதி வைப்பேன். வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்கள் நம் பக்கம் குறைவு. இரும்புக்கடை சூசை அண்ணனின் மனைவி. கடையில் ஆணி நிறுத்துக் கொடுப்பார், ஞாயிறு கோயிலில் பாடுவார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். நான் முருகன் கோயிலுக்கும் அவர் மாதா கோயிலுக்கும் ஒரே நேரத்தில் கிளம்புவோம். தெருமுனை வரை ஒன்றாக நடந்து அங்கே பிரிவோம். "உங்காளு கிட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லி வையி" என்பார். நானும் அதையே திருப்பிச் சொல்வேன்.

மகளின் பேறுகாலத்துக்காக அக்கா ஆறு மாதம் இங்கிலாந்து போனார். வடக்கே ஒரு மலையடிவார ஊர். போகிறவர்கள் எல்லாரும் கடைத்தெருவையும் பனியையும் பற்றித்தான் வந்து பேசுவார்கள். இவர் மலையைப் பற்றிப் பேசினார். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தினமும் அந்த மலைப்பாதையில் நடந்திருக்கிறார். மரமே இல்லாத மலையாம். கால் வைத்தால் பஞ்சு மெத்தை போல அமுங்குகிற கறுப்பு மண்ணாம். கோடை முடிகிற நேரத்தில் மலை முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் பூத்துக் கிடக்குமாம். கோணி ஊசி மாதிரி வளைந்த மூக்கோடு ஒரு பறவை, யாரையோ தேடுகிற மாதிரி நீளமாகக் கூவிக்கொண்டு தலைக்கு மேலே சுற்றுமாம். முயல்கள் ஆளைக் கண்டு ஓடாமல் காதை நிமிர்த்தி உட்கார்ந்து பார்க்குமாம். செம்மறிகளின் முதுகில் சிவப்பும் நீலமுமாகச் சாயம் தடவியிருப்பார்களாம்.

"அய்யலூர் ஆட்டுச் சந்தையத் தூக்கி மலை மேல வச்சது மாதிரி இருக்கு வள்ளி. வெல பேசத்தான் ஆள் இல்ல" என்றார்.

அந்த மலை ஓடைகளில் பழைய கல் பாலங்கள் இருந்தன. ஒரு குதிரை போகிற அகலம். வளைந்த முதுகு. பக்கச் சுவர் முழங்கால் உயரம், சில பாலங்களில் அதுவும் இல்லை. குழந்தையோடு நடக்கப் பயந்த அக்கா, சுவரை ஏன் இப்படிக் குட்டையாக விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறார். முன்காலத்தில் உப்பும் கம்பளியும் குதிரை முதுகில்தான் மலை தாண்டினவாம். இரண்டு பக்கமும் மூட்டை தொங்கும். மூட்டை இடிக்காமல் போகத்தான் சுவர் தாழ்வு. கேட்டதும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஏனென்றால் அதே பாலம் நம்மிடமும் இருந்தது.

சிறுமலை அடிவாரத்தில் நாம் தினமும் நடந்து போய்த் திரும்புகிற அந்த ஓடைப் பாலத்தைத்தான் சொல்கிறேன். மலைத் தோட்டத்திலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் குதிரையில் இறங்குகிற பாதை அது. அந்தப் பாலத்தின் சுவரும் முழங்கால் உயரம்தான் இருந்தது. குதிரைக்காரச் சின்னச்சாமிக்கும் அவர் அப்பாவுக்கும் அது ஏன் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நாமும்கூடத் தெரிந்துதான் வைத்திருந்தோம். தெரிந்துதான் செய்தோம் என்பதுதான் என் கோபம்.

ஊர் திரும்பிய அந்த ஐப்பசியில் அக்கா என்னை அங்கே கூட்டிப்போனார். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் காட்டுமாடு ஒன்று நின்று எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. பாலத்துக்குக் கீழே கல் மேல் மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. மகள் ஊர்ப் பாலத்தின் கீழும் இதே குருவிதான் வாலாட்டிக்கொண்டு நின்றதாம்.

"இங்க பாரு, எனக்கு முன்னாடி வந்து எறங்கிருச்சு. விசாவும் கேக்கல, பெட்டியவும் எடை போடல."

அப்போது சின்னச்சாமி தன் குதிரை ராசாத்தியோடு இறங்கி வந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்துப் பாலத்தின் ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினார். "சொம மொதல்ல போகட்டும்." அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது. பேருந்தில் கூடைக்காரியை முன்னே ஏற விடுவார். கடையில் மூட்டை தூக்குகிறவர் வந்தால் கல்லாவிலிருந்து எழுந்து வழி விடுவார். அடுத்த தைப்பூசத்துக்கு நான் பழனிக்குப் பாதயாத்திரை போனபோது ஒட்டன்சத்திரம் வரை என் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார். காவடி வரும்போதெல்லாம் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி நின்றார். ஒட்டன்சத்திரத்தில் பையை என் தோளில் மாட்டி, "இதுக்கு மேல முருகன் பாடு, ஒம்பாடு" என்று சொல்லிப் பேருந்து ஏறினார்.

மாசியில் குழுக் கூட்டம். பாலத்துச் சுவரை இடுப்புக்கு மேல் உயர்த்திப் பூசி, மேலே வழவழவென்று கல் பதித்து, சாயங்காலம் சாய்ந்து நிற்க வசதி செய்வது என்று பேசினீர்கள். பேரப்பிள்ளைகள் விழுந்துவிடும் என்றீர்கள். பிள்ளைகள் விழக் கூடாது என்று எனக்கும் தெரியும். அக்கா அன்றைக்கு அந்தப் படத்தோடு எழுந்தார். சண்டை போடவில்லை, கெஞ்சினார். மகள் ஊரில் குதிரை போவது என்றைக்கோ நின்றுபோயிற்று, ஆனாலும் ஒருவரும் சுவரை உயர்த்தவில்லை, நம் பாலத்தில் குதிரை இன்றைக்கும் போகிறது என்றார். ஓடைக்கு இந்தப் பக்கமே பெஞ்சு போடுவோம், பிள்ளைகளை அங்கே விளையாட விடுவோம், செலவில் பாதியைத் தன் கடையே ஏற்கும் என்றார். நானும் எழுந்து, காவடிக்கு ஒதுங்குகிறோமே, குதிரைக்கு ஒதுங்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சாமியும் குதிரையும் ஒண்ணாம்மா?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தீர்கள்.

அக்கா சிரிக்காமல் சொன்னார்: "சொம ஒண்ணுதானேங்க."

குதிரை ஓடைக்குள் இறங்கிப் போகட்டும், நாலு எட்டுதானே என்று முடித்துவிட்டீர்கள். யாரிடமோ பேசி அனுமதியும் வாங்கினீர்கள். பங்குனியில் சுவர் எழும்பியது. பாலத்தின் அடி வளைவையும் விடாமல் சிமெண்டு பூசினார்கள். அங்கே ஒட்டியிருந்த தகைவிலான் குருவிகளின் மண்கூடுகளை மேஸ்திரி கரண்டியால் தட்டிவிட்டதை நான் நின்று பார்த்தேன். சுவரில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர்களை நீலத்தில் எழுதினீர்கள்.

சித்திரையில் கோடை மழை பெய்த மறுநாள், பாரத்தோடு ஓடைக்குள் இறக்கிய ராசாத்தி பாசிக்கல்லில் சறுக்கி விழுந்தது. முன்கால் முறிந்துவிட்டது. அக்காவும் நானும் போய்ச் சேரும்போது சின்னச்சாமி தண்ணீரில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வாழைத்தார் ஓடையில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, வலியில்லாமல் முடிக்கிற ஊசிதான் வழி என்றார். பாலத்தின் மேல் சாய்ந்து நின்று நம் குழுவினர் சிலர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். "நல்லாச் சாஞ்சுக்கங்க. அதுக்குத்தான கட்டுனீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் உங்களில் ஒருவருக்கும் காலை வணக்கம் சொல்லவில்லை. அதைத் திமிர் என்று பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இரங்கல் கூட்டத்தில் அவரைச் சாந்தத்தின் வடிவம் என்றார்கள்.

ஆடி கழியட்டும், ஆவணி பிறக்கட்டும், சுவரைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவோம் என்று தள்ளிக்கொண்டே போனீர்கள். ஆவணியில் ஒரு விடியற்காலை நெஞ்சு வலி வந்து, அக்கம்பக்கத்தை எழுப்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் அக்கா போய்விட்டார்.

போன பின் அவசரம் வந்தது உங்களுக்கு. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பாலத்துச் சுவரில் அக்கா பெயரைப் பொறித்த கருங்கல் பலகையைத் திறப்பது என்று முடிவு. சூசை அண்ணனைக் கேட்டோம், சரி என்றார் என்கிறீர்கள். மனைவி போனதிலிருந்து அவர் எதற்கும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தார். சுவர் கட்டிய பிறகு அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை.

அன்று காலை அவர் கடைச் சரக்கு ஏற்றுகிற குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். சுவர் மேல் இன்னும் பூசாமல் நிறுத்தியிருந்த பலகைக்கு மாலை போட்டிருந்தது. அக்காவின் அதே வெட்டிய படத்தோடு சுவரில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. தலைவர் பேச ஆரம்பித்தபோது மேலேயிருந்து சின்னச்சாமி இறங்கி வந்தார். கடன் வாங்கிப் பிடித்த புதுக் குதிரை, சின்னது, இரண்டு பக்கமும் தார். கூட்டத்தைப் பார்த்ததும் தயங்கி, அதை ஓடைப் பக்கம் திருப்பினார். முந்தின நாள் மழையில் கல்லெல்லாம் வழுக்கிக் கிடந்தது.

"ஏப்பா, பாலம் இருக்க எதுக்கு அதுல எறக்குற?" என்றார் அண்ணன்.

"பாலத்துல போகாதுண்ணே. செவுத்துல தார் இடிக்கும்."

அண்ணன் தாரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அதன் மேலிருந்த பெயரைப் பார்த்தார். முப்பது நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் நான் உயிரைப் பார்த்தேன்.

"செத்த நேரம் நில்லு. எறக்காத."

வண்டிக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார். தலைவர் குறுக்கே வந்து, இன்றைக்கு வேண்டாம், முறைப்படி பேசிச் செய்வோம் என்றார்.

"அவ உசுரோட இருக்கையில பேசியாச்சுங்க" என்றார் அண்ணன். "இப்ப நீங்க ஒண்ண மட்டும் சொல்லுங்க. அவ பேர மொதல்ல எறக்கவா, செவுத்த மொதல்ல எறக்கவா?"

அவரே பலகையை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையைக் கிடத்துவது போல வண்டியில் கிடத்திவிட்டு வந்து குத்த ஆரம்பித்தார். சின்னச்சாமி கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடச் சேர்ந்தார். உங்களில் மூன்று நான்கு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் படம் எடுத்தீர்கள். புதுச் சிமெண்டு லேசில் விடவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கச் சுவர் மட்டும் பழைய கல் தெரிகிற அளவுக்கு இறங்கியது. சின்னக் குதிரைக்கு அந்தப் பக்கமாக ஒட்டி நடத்தினால் போதும். குதிரை முதலில் மூச்சை இழுத்துப் பார்த்தது. பிறகு போனது. நாங்கள் ஓரமாக நின்றோம்.

இன்னொரு பக்கச் சுவர் அப்படியே நிற்கிறது. ஐப்பசி மழை வாசலில் வந்துவிட்டது. ஓடை பெருகினால் பாலத்தை விட்டால் வேறு வழியில்லை. மேலே மலையில் இருக்கிற குதிரைகள் இந்தச் சின்னது ஒன்று மட்டுமில்லை; பெரிய குதிரைக்கு ஒரு பக்கம் இறங்கியது போதாது. அந்தச் சுவர் இறங்குகிற வரை பலகை தன் கடையில்தான் இருக்கும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். மலருக்குச் செலவழிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு கடப்பாரை எடுத்தால் ஒரு காலையில் முடிகிற வேலை.

அக்காவிடமிருந்து எனக்கென்று இரண்டு வைத்துக்கொள்கிறேன். ஒன்று அவருடைய கோபம். இதை முருகன் சன்னதியில் வைத்துக் கேட்டுவிட்டேன், விட்டுவிடச் சொல்லி எனக்கு உத்தரவு வரவில்லை. இன்னொன்று, பாலத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்பது. இப்போதும் குதிரை மணி கேட்டால் என் முழங்கையை யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். நின்றுவிடுவேன்.

இந்தக் கட்டுரையோடு போட அக்காவின் படம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அவர் மகளிடமிருந்து வாங்கி முழுப் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். வெட்டாமல் போடுங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால் முகம் சிறிதாக வரட்டும். முழங்காலும் சுவரும் தெரிய வேண்டும்.