தமிழரசன் பிரேக்குக்குக் கிரீஸ் போட்ட கதை

கச்சிராயபாளையத்தில் தமிழரசனைப் போல நிதானமாகக் கார் ஓட்டுகிறவர் யாரும் கிடையாது. இதைச் சொன்னவர் தமிழரசன்தான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

நாலு ஏக்கர் கரும்பு, ஒரு ஜோடி மாடு, மூன்று வருடம் முன்பு வாங்கிய பழைய வெள்ளைக் கார். இத்தனைக்கும் மேலே மனைவி அம்சவள்ளி. அவருக்குக் கல்வராயன் மலைமேல் நர்ஸ் வேலை. திங்கள் காலை ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவார். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் தமிழரசன் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. ஆனால் மலை இறங்கும்போதெல்லாம் அம்சவள்ளி கதவுக்கு மேலுள்ள கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே வருவார். கண்ணை ஒரு நொடிகூட மூடமாட்டார். ஒரே ஒருமுறையாவது அந்தக் கையை விட்டுவிட்டு அவர் நிம்மதியாக உட்கார்ந்து வரவேண்டும். தமிழரசன் வெளியில் சொல்லாத ஆசை இது.

அதற்காக அவர் தன்னால் ஆனதைச் செய்யாமல் இல்லை. உச்சியிலேயே வண்டியை நியூட்ரலில் தள்ளி, பெட்ரோலை மிச்சம் பிடித்து, அடிவாரம்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்குவார். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்.

இரண்டு மாதமாக முன்சக்கரம் கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது.

"இன்னாங்க, வண்டி கத்திக்கினே வருது. சுபாஷ்கிட்ட காட்டுங்க" என்றார் அம்சவள்ளி. சுபாஷ் கடைவீதியில் மெக்கானிக்.

"சக்கரம்னா கத்தத்தான் செய்யும். மாட்டுவண்டில பாக்காத சத்தமா?"

அங்கேதான் வினை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வருடக்கணக்காகக் கரும்பு வண்டி ஓட்டிய அனுபவத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு தமிழரசன் வேலையில் இறங்கினார். மாட்டுவண்டி அச்சு கத்தினால் என்ன செய்வோம்? கிரீஸ் வைப்போம். ஜாக்கி போட்டு முன்சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே பளபளவென்று ஒரு வட்டத் தகடு தெரிந்தது. பாவம், எவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று அதற்கு இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசிவிட்டார்.

சக்கரங்களைத் திரும்ப மாட்டி, கொல்லைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. வெற்றிக் களிப்போடு திரும்பி வந்து, வாசலில் நின்ற மனைவி எதிரே நிறுத்தப் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. அம்சவள்ளியை மரியாதையாகக் கடந்துபோய், பூவரச மரத்தையும் தாண்டி, எருக்குழியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

தமிழரசன் முதலில் சிரித்தார். பிறகு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இதுவே வெள்ளிக்கிழமையாக இருந்து, மலை வளைவாக இருந்து, பக்கத்தில் அம்சா இருந்திருந்தால்? அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

சுபாஷ் வந்து சக்கரத்தைக் கழற்றி, தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடை வெளியே எடுத்தான்.

"அண்ணே, புதுசுல இது விரல் கனம் இருக்கும். இப்ப பாருங்க, தேஞ்சி தகரமா ஆயிடுச்சி. இந்த அளவுக்குத் தேஞ்சா கத்தறதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வெச்சிருக்கான். ரெண்டு மாசமா அதுதான் உங்கள கூப்புட்டுக்கினு இருந்திச்சி. நீங்க அது வாயில கிரீஸ அடைச்சிட்டீங்க."

"நானுந்தான் ரெண்டு மாசமா கத்திக்கினு இருந்தேன்" என்றார் அம்சவள்ளி. "நல்லவேளை, என் வாய வுட்டுட்டாரு."

"நான் பிரேக்குல இருந்து காலே எடுக்கறதில்லியேப்பா. அப்புறம் எப்படித் தேயும்?" என்று தமிழரசன் நியாயம் கேட்டார்.

"அதனாலதாண்ணே தேஞ்சிச்சி. எறங்கறப்ப ரெண்டாவது கியர்ல போடுங்க, இன்ஜினே வண்டியப் புடிச்சிக்கும். பிரேக்கு தேவைப்படற எடத்துல மட்டும் போதும்."

இரண்டு பக்கமும் புதுப் பேட் போட்டு, கிரீஸைத் துடைத்துக் கழுவித் தந்தான். திங்களன்று அம்சவள்ளி பஸ் ஏறிவிட்டார். எருக்குழியைவிட இதுதான் தமிழரசனுக்கு வலித்தது.

வெள்ளி மாலை மலைமேல் போய், பஸ்ஸுக்காக நின்ற அம்சவள்ளி முன்னால் காரை நிறுத்தினார். நினைத்த இடத்தில் ஒரு அங்குலம் பிசகாமல் நின்றது. தேய்ந்த பேடைப் பேப்பரில் மடித்து எடுத்து வந்திருந்தார்.

"நீ சொன்னது சரிதான் அம்சா. நான்தான் கேக்கல."

அம்சவள்ளி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். திரும்ப மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கை வழக்கம்போலக் கைப்பிடிக்குப் போனது.

இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. நாலைந்து வளைவு கழித்து, "பாத்தியா, கால எடுத்துட்டேன், வண்டி தானா..." என்று பெருமையோடு திரும்பினார். கைப்பிடி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. அம்சவள்ளியின் கை மடியில் இருந்த பொட்டலத்தின் மேல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம்.

தமிழரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் திறமையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தும், ஊர் வந்து சேரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.